ரெண்டு சுத்து வெள்ளை

ஆண்டர்சன்பேட்டை ஹரோல்ட் ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்ட யாரும் இதுவரை கருப்பாக விழுந்ததில்லை. தங்க வயலில் மாரிகுப்பத்திலிருந்து ராபர்ட்சன்பேட்டை வரைக்கும், மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண்ணின் படம் கேட்டுவிட்டால் தாய்மார்களுக்கு முதலில் நினைவு வருவது அந்தக் கடைதான். ஹரோல்டில் எடுத்தால் கலராக வரும் என்பது ஊர்ப் பேச்சு. பேர் வாங்கியது முதலாளி ஹரோல்ட். அந்தக் கலரைக் கொடுத்தது நளினியின் கை.

நளினிக்கு முப்பத்து நாலு வயது. பதினோரு வருஷமாக அந்தக் கடையில் படம் எடுப்பதும் அவள்தான், கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதைத் தேற்றுவதும் அவள்தான். முகத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, நெற்றியில் தொடங்கி வலது கன்னம், தாடை, இடது கன்னம் என்று ஒருதரம் சுற்றி வந்தால் தோல் ஒரு படி வெளுக்கும். இதற்கு அவள் வைத்த பெயர் ஒரு சுத்து. யாரும் கேட்க வேண்டியதில்லை. ஓட்டுநர் உரிமத்துக்குப் படம் எடுக்க வந்த அறுபது வயதுக்காரருக்கும் ஒரு சுத்து உண்டு. கல்யாணப் பெண் என்றால் இரண்டு. அதற்கு மேல் போனால் மூக்கு காணாமல் போய்விடும் என்பதால் அவளே நிறுத்திக்கொள்வாள்.

பொல்லாத மனசுக்காரி என்று அவளை நினைத்துவிடக் கூடாது. இருபத்திரண்டு வயதில் அவளைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கையில் வைத்திருந்த, வெளுக்க வைத்த படத்தையும் எதிரில் நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பஜ்ஜியைச் சாப்பிட்டார்கள், காபியைக் குடித்தார்கள், எழுந்து போனார்கள். பெண் களையாகத்தான் இருக்கிறாள், கலர்தான் கம்மி என்று மூன்றாம் நாள் தகவல் வந்தது. வேறு எவளாவது ஒருத்தியாக இருந்தால் அந்தப் படம் எடுத்தவனைத் திட்டியிருப்பாள். நளினி தன் முகத்தைத் திட்டினாள். பிறகு நாகேஷ் வந்து, படம் கிடம் எதுவும் கேட்காமல் அவளைக் கட்டிக்கொண்டு, இன்றைக்கும் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறான். ஆனாலும் அந்த மூன்றாம் நாள் தகவல் அவளை விட்டுப் போகவில்லை. கடைக்கு வரும் பெண்பிள்ளைகள் யாருக்கும் அந்த நாள் வரக்கூடாது என்று நினைத்துத்தான் அவள் சுத்து போட்டாள். படத்தைப் பார்த்து ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால் நளினிக்கு அன்றைக்கு வயிறு நிறைந்துவிடும்.

சாம்பியன் ரீப்ஸ் பகுதிப் பெண்பிள்ளைகளின் கால்பந்து டீமைப் படம் எடுக்க அவள் போனதும் இந்த நல்ல மனசோடுதான்.

ஆடி மாதம். காற்று சயனைட் மேட்டை வாரிக்கொண்டு வந்து கிரவுண்டில் கொட்டிக்கொண்டிருந்தது. தங்கம் எடுத்த மிச்ச மண்ணாலான அந்த மேட்டுத் தூசு கண்ணிலும் பல்லிலும் நறநறவென்று ஏறும். பதினைந்து பிள்ளைகள், எல்லாம் பதினாலு வயது தாண்டாதவர்கள். மாவட்டப் போட்டிக்கு அடையாள அட்டை வேண்டும், அதற்குப் பாஸ்போர்ட் படம் வேண்டும் என்று விளையாட்டு டீச்சர் ஐடா மிஸ் ஸ்டுடியோவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். நளினி கோல் கம்பத்தில் நீலத் துணியைக் கட்டி ஒவ்வொருத்தியாக நிற்க வைத்தாள்.

கடைசியாக வந்தவள் சங்கமித்ரா. சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளில் நளினிக்குப் பக்கத்து லைன் பெண். கோல் கீப்பர். வயதுக்கு மீறின உயரம், அகலமான உள்ளங்கை, காற்றில் பறந்து விழுந்து காய்த்துப் போன முழங்கை. டீமிலேயே நல்ல கருப்பு அவள்தான். அவளைப் பார்த்ததும் நளினிக்குத் தன் இருபத்திரண்டு வயது ஞாபகம் வந்துவிட்டது. கைப்பையைத் திறந்து, கொஞ்சம் பவுடர் போட்டுக்கொள் கண்ணு, முகம் எடுப்பாக இருக்கும் என்றாள்.

பதினாலு பிள்ளைகளும் ஒரே குரலில், "ஒரு ரவுண்டு!" என்று கத்தினார்கள்.

நளினிக்கு ஒன்றும் புரியவில்லை. ஐடா மிஸ் சிரித்துக்கொண்டே விளக்கினார். போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரப் பெண்மணிகள் நாலு பேர் டீமில் இருக்கும் லதாவைச் சுற்றி நின்றுகொண்டு, பந்து எது பொண்ணு எது என்று தெரியவில்லையே என்று கேலி செய்திருக்கிறார்கள். லதா கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள். அடுத்த நாளிலிருந்து அவள் விளையாட வரவில்லை. எட்டு நாள் கழித்து சங்கமித்ரா அவள் வீட்டுக்குப் போனாள். ஆறுதல் சொல்லவில்லை, நீ அழகுதான் என்றும் சொல்லவில்லை. நீ அடிக்கிற கார்னர் கிக்கை நீ இல்லாமல் அடிக்க ஆளில்லை, எட்டு நாளாக ஒன்றுகூட கோல் பக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். லதா மறுநாள் வந்தாள்.

அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் சங்கமித்ரா எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து ஒரு வழக்கம் தொடங்கினாள். ஒவ்வொருத்தியும் தன் வலது பக்கம் நிற்பவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அவள் செய்த ஒரு காரியத்தை, கண்ணால் பார்த்ததை. முகம், கலர், குண்டு, ஒல்லி என்று வாயைத் திறந்தால் மைதானத்தை ஒரு ரவுண்டு ஓடி வர வேண்டும். திட்டுவதற்கு மட்டுமல்ல, புகழ்ந்தாலும் ஓட்டம்தான். முதல் வாரம் முழுக்கப் பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருந்தார்களாம். உன் ஹேர்பேண்ட் சூப்பர் என்று சொன்ன ஒருத்தி கூட ஓடியிருக்கிறாள். முகத்தை விட்டால் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல இன்னொருத்திக்கு எதுவுமே இருக்கவில்லை. போகப் போகத்தான் கண் பழகியது.

"என்னை ஒண்ணும் கேக்கல," என்றார் ஐடா மிஸ். "இதுங்களாவே பண்ணிக்கினதுதான். நானும் ரெண்டு தபா ஓடியிருக்கேன்."

நளினி சிரித்தாள். விளையாட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டாள். செருப்போடு வந்திருக்கிறேன், இன்னொரு நாள் ஓடுகிறேன் என்று சொல்லித் தப்பித்தாள். போவதற்கு முன்னால் பிள்ளைகள் வட்டம் கட்டியதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். நீ விழுந்த உடனே எழுந்துவிட்டாய் என்றாள் ஒருத்தி. நீ பந்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்காமல் முன்னால் ஓடினாய் என்றாள் இன்னொருத்தி. கேட்டவள் ஒவ்வொருத்தியும் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். நளினிக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தும், ஸ்டுடியோவுக்கு வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்ததும் கை பழைய வழியிலேயே போனது.

எல்லோருக்கும் ஒரு சுத்து போட்டாள். சங்கமித்ராவின் முகம் திரையில் வந்ததும் கொஞ்சம் யோசித்தாள். பக்கத்து லைன் பெண், நல்ல பெண், நம்முடைய அன்பளிப்பாக இருக்கட்டும் என்று இரண்டு சுத்து போட்டாள். அதே படத்தில் இன்னும் நாலு பிரதி எடுத்து, பள்ளிக்கூடச் சான்றிதழுக்கு ஆகும் என்று ஐடா மிஸ்ஸுக்குச் சேர்த்தே கொடுத்து அனுப்பினாள்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்காருபேட்டையில். டீமோடு போய்ப் படம் எடுத்து வரச்சொல்லி ஹரோல்ட் நளினியை அனுப்பியிருந்தார். சாம்பியன் ஸ்டேஷனில் ரயில் ஏறியதிலிருந்து பிள்ளைகள் ஓயாமல் பாடிக்கொண்டு வந்தார்கள். சங்கமித்ரா மட்டும் ஜன்னலோரம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். தோற்றால் வெளியே போகிற போட்டி அது. பார்க்க வரும் தேர்வாளர்கள் அன்றைக்கே மாநில முகாமுக்கு மூன்று பேரின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும். இன்றைக்கு விட்டால் விட்டதுதான் என்று ஐடா மிஸ் நளினியின் காதோடு சொன்னார்.

மைதானத்து ஓரத்தில் ஷாமியானாவுக்குக் கீழே மேசை போட்டுப் பெயர் சரிபார்க்கும் அதிகாரி உட்கார்ந்திருந்தார். கண்டிப்பான ஆள், ஆனால் கெட்டவர் இல்லை. போன வருஷம் ஏதோ ஒரு டீமில் பெரிய பெண்களை வேறு பெண்களின் அட்டையில் ஆட விட்டுவிட்டார்களாம், அதனால் இந்த முறை முகத்தைப் பார்க்காமல் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று இருந்தார். ஐடா மிஸ் முந்தின நாள்தான் ஒட்டி முடித்த அட்டைகளை அங்கே வைத்துத்தான் பிள்ளைகளிடம் கொடுத்தார். ஒவ்வொருத்தியாக அட்டையைக் காட்டிப் போனார்கள். சிலரை அவர் இரண்டு முறை பார்த்தார், ஆனாலும் விட்டார்.

சங்கமித்ரா தன் அட்டையை வாங்கினாள். பார்த்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மிஸ், இது யாரு?"

அவள் குறும்பாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அட்டை மாறிவிட்டது என்று நினைத்தாள். ஆனால் கேட்டது மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு. அதிகாரிக்குத் தமிழ் புரியும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அட்டையைக் கையில் வாங்கினார். அட்டையில் பால் நிறத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் நின்றவளுக்கும் அவளுக்கும் பொருந்தியது காது இரண்டும்தான்.

ஐடா மிஸ் ஆதாரின் ஜெராக்ஸை எடுத்து நீட்டினார். அது ஐந்து வயதில் எடுத்த படம், ஜெராக்ஸில் வெறும் கருப்புத் திட்டாக இருந்தது. பள்ளிக்கூடச் சான்றிதழை நீட்டினார். அதில் ஒட்டியிருந்ததும் ஹரோல்ட் ஸ்டுடியோ படம்தான். நளினி அன்போடு சேர்த்துக் கொடுத்த பிரதிகளில் ஒன்று. அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தன் படத்தைப் பார்த்து யாரென்று கேட்கிற பெண்ணை நான் எப்படி உள்ளே விடுவது என்று கன்னடத்தில் கேட்டார். கேள்வியில் தப்பில்லை. ஐடா மிஸ்ஸின் குரல் உயர உயர எதிர் டீம் பிள்ளைகள், அவர்களின் பெற்றோர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. தங்க வயலிலிருந்து வந்த தாய்மார்களும் அதில் இருந்தார்கள். அவர்களில் பாதிப்பேரின் கல்யாண ஆல்பம் நளினி போட்டது.

நளினி கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். தான் செய்த காரியம் என்பது அட்டையைப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் ஹரோல்ட் ஸ்டுடியோவின் கலர் எங்கிருந்து வருகிறது என்பது ஊருக்கே போய்விடும். எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்தான், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதனால் அவள் முதலில் செய்தது என்னவென்றால், முன்னால் வந்து பொய் சொன்னாள். படம் எடுத்தவள் நான்தான், அன்றைக்கு வெயில் அதிகம், வெளிச்சம் அடித்துப் படம் வெளுத்துவிட்டது என்றாள்.

அதிகாரி மற்ற பதினாலு அட்டைகளையும் திரும்ப வாங்கி மேசையில் வரிசையாகப் பரப்பினார். எல்லாம் ஒரே நாளில், ஒரே இடத்தில் எடுத்தவை. அந்த வெயில் இந்தப் பெண் ஒருத்திக்கு மட்டும் தனியாக அடித்ததா என்று கேட்டார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவளுடைய பொய்யால் சந்தேகம் இன்னும் இறுகிப் போனது. அவர் சங்கமித்ராவின் பெயருக்கு நேராகக் கோடு போடப் பேனாவைத் திறந்தார்.

சங்கமித்ரா நளினியைப் பார்த்தாள். கோபம் இல்லை. பெனால்டி அடிக்க வருகிறவளைப் பார்ப்பது போல, என்ன செய்யப் போகிறாள் என்று பார்த்தாள். பிறகு தன் அட்டையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு மைதானத்து ஓரத்துக்கு நடந்தாள். அங்கே கோடு போடுவதற்கு வைத்திருந்த சாக்பொடி மூட்டை ஒன்று வாய் திறந்து கிடந்தது. இரண்டு கையையும் உள்ளே விட்டு அள்ளினாள். நெற்றி, வலது கன்னம், தாடை, இடது கன்னம் என்று நிதானமாகப் பூசிக்கொண்டாள். திரும்பி வந்தாள். அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதிகாரிக்கு எதிரில் நின்றாள்.

"இப்ப பாருங்க சார். இப்ப நான்தானே இது?"

எதிர் டீம் பிள்ளைகள் குபீரென்று சிரித்தார்கள். சாம்பியன் பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. சங்கமித்ரா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை, முகத்தைத் தாழ்த்தவும் இல்லை. அவள் அப்படி நிற்க நிற்கச் சிரிப்பு தானாகத் தேய்ந்து நின்றது. லதா வந்து அவள் பக்கத்தில் நின்றாள். பிறகு இன்னொருத்தி. கடைசியில் பதினைந்து பேரும் மேசைக்கு முன்னால் ஒரு வரிசையாக நின்றார்கள்.

நளினி பழக்கத்தில் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டு போயிருந்தாள். அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். நெற்றியில் தொடங்கித் தாடை வழியாகச் சுற்றி வந்த வெள்ளை அவளுடைய சுத்து. பதினோரு வருஷமாகத் திரையில் போட்டுப் போட்டு ரசித்ததை உயிருள்ள ஒரு பிள்ளையின் முகத்தில் இன்றைக்குத்தான் பார்த்தாள். அவளால் பொத்தானை அழுத்த முடியவில்லை. வெட்கமாக இருந்தது, அதை விட அதிகமாக அந்தப் பிள்ளையை நினைத்துப் பெருமையாக இருந்தது. தன்னை வேலூர்க்காரர்கள் மாறி மாறிப் பார்த்தபோது தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதும், இவள் நிற்கிற நிற்பும் ஒன்றாக அவள் மனதில் வந்தன. பதினாலு வயதுப் பிள்ளைக்கு இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று மலைத்தாள்.

கேமராவை இறக்கினாள். அதன் கார்டில் அட்டைக்காக அன்றைக்குக் கிரவுண்டில் எடுத்த அசல் படங்கள் இன்னும் அழிக்காமல் இருந்தன. தேடி எடுத்து, பின்பக்கத் திரையில் சங்கமித்ராவின் படத்தைப் பெரிதாக்கி, மேசையில் அதிகாரிக்கு முன்னால் வைத்தாள். கோல் கம்பம், நீலத் துணி, எடுத்த தேதி, அதில் உள்ளபடியே இந்தப் பெண். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"சார், வெயிலு கியிலு ஒண்ணும் இல்ல. நான் சொன்னது பொய். கம்ப்யூட்டர்ல நான்தான் வெளுக்க வெச்சேன். எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரு சுத்து, இவளுக்கு ரெண்டு."

அதிகாரி ஏன் என்று கேட்டார். அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

"பாக்க நல்லா இருக்கட்டும்னு சார்," என்றாள் நளினி. சொல்லி முடித்ததும் திரையிலிருந்த அசல் படம் அவள் கண்ணில் பட்டது. காற்றில் கலைந்த முடி, நேரே பார்க்கிற கண், சிரிப்பை அடக்கிக்கொண்ட வாய். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவ நல்லாத்தான் இருந்தா சார். நான்தான் பாக்கல."

அதிகாரி படத்தையும், சாக்பொடி பூசிய முகத்தையும், நளினியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்து, படத்தை மாற்றியது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எந்த ஸ்டுடியோ என்பதையும் எழுதச் சொன்னார். நளினி எழுதினாள். ஹரோல்டின் பெயர் கோணலாக விழுந்தது. அவர் அந்தப் பெண்ணிடம் முகம் கழுவிக்கொண்டு வா, புதுப் படம் எடுத்து என் போனுக்கு அனுப்புங்கள், ஆட்டம் பத்து நிமிஷத்தில் என்று சொல்லிவிட்டு அடுத்த டீமைக் கூப்பிட்டார்.

குழாயடியில் சங்கமித்ரா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். புருவத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நளினி தன் போனில், ரெடி என்றுகூடச் சொல்லாமல் எடுத்தாள். எடுத்ததை அப்படியே அனுப்பினாள்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் சாம்பியன் டீம் தோற்றுப் போனது. கடைசி நிமிஷத்தில் விழுந்த ஒரே ஒரு கோல். ஆனால் அதற்கு முன்னால் வந்த ஏழு பந்துகளை சங்கமித்ரா தடுத்தாள். ஒன்றுக்கு வலது மூலையில் முழு நீளத்துக்குப் பறந்தாள். ஒன்றை எதிரியின் காலடியிலிருந்து நெஞ்சால் விழுந்து பிடுங்கினாள். சற்று முன்னால் அவளைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளே ஆட்டம் முடிந்ததும் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நளினி எண்ணூறு படத்துக்கு மேல் எடுத்தாள். எடுக்க எடுக்க, தான் இத்தனை நாள் பாஸ்போர்ட் அளவில் கழுத்துக்கு மேலே மட்டும் பார்த்துவந்த பிள்ளைகளா இவர்கள் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தடித்த தொடை என்று வீட்டில் திட்டு வாங்குகிறவள் அந்தத் தொடையால்தான் பந்தை நிறுத்தினாள். ஒல்லிக்குச்சி என்று பேர் வாங்கியவள் மூன்று பேருக்கு நடுவில் நுழைந்து வெளியே வந்தாள்.

மாலையில் மூன்று பெயர்களை மைக்கில் படித்தார்கள். இரண்டாவது பெயர் சங்கமித்ரா, சாம்பியன் ரீப்ஸ். ஐடா மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லதா சங்கமித்ராவைத் தூக்க முயன்று, முடியாமல் இரண்டு பேரும் விழுந்தார்கள்.

ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. மைதானம் காலியாகிவிட்டது. பிள்ளைகள் வழக்கம் போல வட்டம் கட்டத் தொடங்கினார்கள். நளினி கேமராவைப் பைக்குள் வைத்து ஐடா மிஸ்ஸிடம் கொடுத்தாள். நாளைக் காலையில் ஹரோல்டிடம் என்ன சொல்வது என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. எப்படியும் சொல்லத்தான் வேண்டும், இனிமேல் கேட்டவர்களுக்கு மட்டும்தான் சுத்து, பெண்பிள்ளைகள் கேட்டாலும் ஒருதரம் அசலைக் காட்டிவிட்டுத்தான் என்று மட்டும் முடிவு செய்திருந்தாள். இப்போதைக்கு அதை விடப் பெரிய வேலை ஒன்று பாக்கி இருந்தது.

"எனக்கு எத்தினி ரவுண்டு?" என்று கேட்டாள்.

பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். சங்கமித்ராதான் சொன்னாள்.

"அன்னிக்குப் பவுடருக்கு ஒண்ணு. பதினஞ்சு படத்துக்கும் சேத்து ஒண்ணு. ரெண்டு ஓடுங்கக்கா, போதும்."

நளினி துப்பட்டாவை இடுப்பில் கட்டினாள். செருப்பைக் கழற்றி வைத்தாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவள் ரயிலுக்குத் தவிர எதற்கும் ஓடியதில்லை. பாதி சுற்றுக்குள் மூச்சு வாங்கியது, இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மூலையில் திரும்பும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. லதா கூடவே ஓடி வந்தாள். அதற்கப்புறம் எல்லோரும் வந்துவிட்டார்கள். அவளை நடுவில் வைத்துக்கொண்டு, அவளுடைய வேகத்துக்கு மெதுவாக ஓடினார்கள்.

இரண்டு ரவுண்டையும் முடித்து வந்து, வட்டத்தில் இடம் விட்டு அவளையும் நிற்க வைத்தார்கள். அவளுக்கு இடது பக்கம் சங்கமித்ரா, வலது பக்கம் லதா. சுற்றி வந்த பேச்சு சங்கமித்ராவிடம் வந்து நின்றது. அவள் நளினி பக்கம் திரும்பினாள்.

"நளினிக்கா இன்னிக்கு ஒரு பொய் சொன்னாங்க. அப்புறம் அத்தினி பேருக்கு எதிர்ல, அது பொய்யின்னு அவங்களே சொன்னாங்க. பெரியவங்க யாரும் அப்பிடிச் சொல்லி நான் பாத்ததில்லக்கா."

நளினிக்கு வயது முப்பத்து நாலு. இத்தனை வருஷத்தில் பிறத்தியார் அவளைப் பற்றிச் சொன்னது எல்லாம் முகத்தைப் பற்றித்தான். நல்லதும் அதைப் பற்றி, கெட்டதும் அதைப் பற்றி. அவள் செய்த ஒன்றைக் கவனித்து, அதை நாலு பேருக்கு நடுவில் எடுத்துச் சொன்னது இந்தப் பிள்ளைதான் முதல். அவளுக்கு அழுகை வந்தது. அதை மறைக்க அவள் எதுவும் செய்யவில்லை, முதுகை மட்டும் நிமிர்த்திக்கொண்டாள்.

இப்போது அவள் முறை. லதா அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். நளினி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இரண்டாம் பாதியில் ஒரு கார்னர் கிக்குக்கு முன்னால் நீ பந்தை வைத்துவிட்டு, கோல் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்து, பந்தைக் கொஞ்சூண்டு இடப்பக்கம் நகர்த்தி வைத்தாய், அதற்கப்புறம்தான் அடித்தாய், அது வளைந்து நேராகக் கம்பத்துக்குப் போனது, நான் பார்த்தேன் என்று சொன்னாள்.

லதா சிரித்தாள். யாரும் ரவுண்டு கொடுக்கவில்லை.